மதில்டேயும் ஜவ்வாது மலை இரவுகளும்

253 மதில்டே சிறுகோள் பட்டையில் நடுத்தர அளவுக் கல், விட்டம் சுமார் 53 கி.மீ. 1885 நவம்பரில் வியன்னாவில் யோஹான் பாலிசா கண்டுபிடித்தார். (அதே வருடம் பிப்ரவரியில் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 245 வேரா என்ற இன்னொரு சிறுகோளைக் கண்டுபிடித்திருந்தார்.) மேலே விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், புதிதாகப் போட்ட தார் ரோடு அளவுக்குக் கருப்பு. இதை 16 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதே பொலிவுக்கு விட்டம் பாதியாகிவிடும். பொலிவை மட்டும் பார்த்து அளவைச் சொல்லக் கூடாது என்பது அதனால்தான்.

இதைவிடத் தொல்லை, சுழற்சி. கல் சுழலும்போது பொலிவு ஏறி இறங்குவதை அளந்துதான் அதன் காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 17.4 நாள். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் எட்டு மணி நேரம் தெளிவான வானம் கிடைத்தாலும் சுற்றில் ஐம்பதில் ஒரு பங்குதான் கையில் வரும். பொலிவை நேரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தால் (இதுதான் ஒளிவளைகோடு) நேர்கோடு. புதிதாக வருபவர்கள் 'ஒன்றும் மாறவில்லை' என்று விட்டுவிடுவது இங்கேதான். கல்லைப் பிடிப்பது எளிது. ஒரு இரவின் அளவை மறு இரவின் அளவோடு ஒட்டுவதுதான் வேலையே.

பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) எதிர்நிலையைப் பொறுத்து, அதாவது கல் வானில் சூரியனுக்கு நேர் எதிரே வரும் அந்தந்த முறையைப் பொறுத்து, 12 முதல் 15 வரை போகும். காவலூரில் 1972-ல் நிறுவிய 1 மீட்டர் ஸீஸ் தொலைநோக்கி போன்ற ஒன்று தாராளம். எதிர்நிலையில் கல் நிமிடத்துக்கு அரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகரும். சீயிங், அதாவது காற்றின் அலைவால் நட்சத்திரப் புள்ளி பரவும் அளவு, 2 ஆர்க்செகண்ட் என்றால் ஆர் (சிவப்பு) ஃபில்டரில் ஒன்றிரண்டு நிமிட எக்ஸ்போஷர் போதும். அதற்கு மேல் போனால் புள்ளி கோடாக இழுபடும். ஃபிளாட் (கேமராவின் சீரின்மையைத் திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுக்க அந்திப்பொழுதை நம்பினால் அவசரம் வேண்டும். 12.5 டிகிரி அட்சத்தில் சூரியன் நேராக இறங்கிவிடும், ஃபிளாட்டுக்கு ஏற்ற வெளிச்சம் கால் மணி நேரம்கூட நிற்காது. சாயங்காலம் நீல ஃபில்டரில் தொடங்கி ஆர் ஃபில்டரைக் கடைசியில் எடுங்கள்.

ஒரு நாளில் கல் சுமார் 12 ஆர்க்மினிட் (60 ஆர்க்செகண்ட் ஒரு ஆர்க்மினிட்) தள்ளிப் போகிறது. கல்லின் பொலிவை ஒப்பிட்டு அளக்க வைத்திருந்த நேற்றைய ஒப்பு நட்சத்திரங்கள் ஓரிரு இரவில் ஃபிரேமை விட்டே போய்விடும். முன்பு இரவுதோறும் பொலிவு துல்லியமாகத் தெரிந்த லாண்டோல்ட் பட்டியல் நட்சத்திரங்களை எடுத்தாக வேண்டும், மெல்லிய மேகம் வந்தால் அதுவும் பாழ். இப்போது கையா விண்கலத்தின் நட்சத்திரப் பட்டியலிலிருந்து சூரியன் நிறத்துக்கு நெருங்கிய நட்சத்திரங்களாக ஐந்தாறு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். செந்நிற நட்சத்திரத்தை ஒப்புக்கு வைத்தால், கல் அடிவானத்துக்கு இறங்கும்போது இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். மங்கலான பின்புல நட்சத்திரம் ஒன்று கல்லின் ஒளியை அளக்கப் படத்தில் போடும் வட்டத்துக்குள் நுழைந்தாலும் அதே கதை. அந்த ஃபிரேம்களைத் தயங்காமல் தூக்கிப் போடவும்.

பலர் மறப்பது கட்டக் கோணம், அதாவது கல்லிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள கோணம். அது நாளுக்கு 0.4 டிகிரி மாறும். இருண்ட கல்லில் கோணம் கூடும்போது டிகிரிக்கு சுமார் 0.04 பொலிவெண் அளவுக்குப் பொலிவு குறையும். ஒரு சுற்று முடிவதற்குள் கால் பொலிவெண்ணுக்கு மேல் சரிவு. சுழற்சியால் வரும் ஏற்ற இறக்கமே சுமார் அரைப் பொலிவெண்தான். சரிவைக் கழிக்காமல் சுழற்சிக் காலம் தேடினால் கிடைக்கும் எண் வெறும் கற்பனை.

காவலூர் ஆலங்காயத்துக்கு அருகே 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பு வட ஆற்காடு, பிறகு வேலூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். நல்ல இரவுகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தை, மாசியில் பின்னிரவுப் பனி கண்ணாடியில் படியும், ஈரப்பதமானியைப் பார்த்து டோமை மூட வேண்டும். மேற்கே, வடமேற்கே திருப்பத்தூர், வாணியம்பாடி வெளிச்சம். கல் அந்தப் பக்கம் சாயும் முன் முக்கிய ஃபிரேம்களை முடித்துவிடுங்கள்.

எதிர்நிலை 15, 16 மாதத்துக்கு ஒருமுறை வரும். பிப்ரவரியில் ஒன்று வந்தால் அடுத்தது மே கடைசியிலோ ஜூனிலோ, தென்மேற்குப் பருவ மேகத்தில். அதற்கடுத்தது செப்டம்பரை ஒட்டி, அதிலும் வானம் நம்ப முடியாதது. ஆகவே ஒரு நல்ல பிப்ரவரியை விட்டால் நாலு வருடம் போய்விடும். அந்தப் பருவத்தில் இரவு முழுக்க இதையே பார்க்க வேண்டியதில்லை. தினம் அரை மணி நேரம், முப்பது நாற்பது இரவு கிடைத்தால் இரண்டு சுற்று தேறும். அட்டவணை போடுபவர்களிடம் இரண்டு முழு இரவு கேட்பதைவிட இப்படித் துண்டு துண்டாகக் கேட்பதே சரி, அவர்களுக்குப் பிடிக்காது என்றாலும்.

1997 ஜூன் 27 அன்று நாசாவின் நியர் விண்கலம் 1,212 கி.மீ. தூரத்தில் கடந்துபோனபோது, சுழற்சி மெதுவாக இருந்ததால் ஒரு பக்கத்தைத்தான் படமெடுக்க முடிந்தது. அடர்த்தி கன செ.மீ.க்கு 1.3 கிராம்தான், உள்ளே நிறைய வெற்றிடம். பள்ளங்களுக்கு நிலக்கரி வயல்களின் பெயர் வைத்தார்கள். நம் தாமோதரும் அதில் ஒன்று. மறுபக்கத்தின் வடிவத்துக்குத் தரையிலிருந்து எடுக்கும் ஒளிவளைகோடுகள்தான் இன்றும் கைகொடுக்கின்றன.