மணல் முற்றத்தில் ஒயில் மாற்றம்

எங்கள் வீட்டில் ஓடுவது டொயோட்டா கொரோலா 121. திருகோணமலை உப்புவெளியில் இருந்து டவுனுக்குப் போய்வருவதுதான் அதற்கு அன்றாட வேலை; எப்போதாவது கந்தளாய், ஹபரணை தாண்டும். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டோம். 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்தது உண்மைதான். ஆனால் அந்த வரியையும் கட்டிப் புதுசு எடுக்கிற நிலையில் நான் இல்லை. சரி, ஒயில் மாற்றுவதையாவது வீட்டில் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். காசு மிச்சம் பிடிப்பது பெரிய நோக்கமல்ல. சேர்விஸுக்கு விட்டால் பின்னால் வாகனங்கள் வரிசையில் நிற்கும். பழைய ஒயில் கடைசிச் சொட்டு வரை வடியட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது. வீட்டில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது.

முதலில் எந்த ஒயில் என்பது. "திருகோணமலை வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் சரி, 20டபிள்யூ-50 போடுங்கோ" என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய. எனக்கு அது ஒத்துவரவில்லை. வெளியே 35 பாகை வெயில் அடித்தாலும் எஞ்சினுக்குள் ஒயில் ஓடுவது 100 பாகையை ஒட்டிய சூட்டில். அந்தச் சூட்டில் எவ்வளவு தடிப்பு என்பதைத்தான் பின்னால் வருகிற 30, 50 காட்டுகிறது. முன்னால் இருக்கிற 5, 10 குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு. இந்த 1500 சிசி எஞ்சினுக்கு டொயோட்டா சொல்வது 5டபிள்யூ-30, பில்டரும் சேர்த்து மாற்றினால் 3.7 லீற்றர். எஞ்சினைச் செய்தவனை விடவா நமக்குத் தெரியும்? 4 லீற்றர் கேன் ஒன்று வாங்கினேன். கேனில் சேர்வோ என்று இருந்ததும் கடைக்காரருக்குச் சந்தோசம், "நம்மட ஊர்ச் சாமான்" என்றார். சீனன்குடாவில், பிரித்தானியர் கட்டிய அந்த 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற பக்கத்தில், சேர்வோவை விற்கிற லங்கா ஐஓசிக்கு ஒயில் கலக்கும் ஆலை இருக்கிறது. என் கேன் அங்கேதான் பிறந்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. தரமும் இலக்கமும் சரியாக இருந்தன, போதும்.

சாமான் வாங்குவதெல்லாம் லேசு. எங்கள் பக்கத்து முற்றம் மணல், அங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. மணலில் ஜக் வைத்தால் கார் எழும்பாது, ஜக்தான் கீழே இறங்கும். தடித்த பலகைத் துண்டுகளை முதலே தேடி வைத்தேன். மணலைச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து இறுக்கி, ஜக்குக்கு ஒன்று, இரண்டு ஸ்டாண்டுக்கும் ஒவ்வொன்று என்று போட்டேன். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை இருத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல் நொறுங்குவதற்கு முன் சத்தம் போட்டுச் சொல்லாது. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பதும் அப்படித்தான். ஸ்டாண்டில் இருத்திய பிறகு காரைப் பக்கவாட்டில் நல்லாகத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அப்புறம்தான் சாக்கை விரித்துக் கீழே போனேன்.

இன்னொன்று காற்று. கச்சான் அடிக்கிற காலம், பத்து மணி தாண்டினால் மணல் பறக்கத் தொடங்கிவிடும். ஒயில் ஊற்றுகிற வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் நிற்கக்கூடாது. ஆகவே விடியவே தொடங்கினேன். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகி ஊத்தையையும் சேர்த்துக்கொண்டு வடியும். நன்றாகச் சூடேற்றிவிட்டு உடனே திறந்தால் கை வெந்துபோகும்.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்குகிற சம்பின் வடிகால் நட்டைப் பார்த்ததும் கடற்கரையோரம் கார் வைத்திருப்பதன் பலன் தெரிந்தது. தலை முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டேன். இதற்கு 14 மில்லிமீற்றர் சொக்கெட். ஆறு மூலை உள்ளது நல்லது. பன்னிரண்டு மூலை சொக்கெட் துருப்பிடித்த தலையை மழுக்கிவிடும். ஒரு சின்னக் 'கிறீச்', பிறகு கையாலேயே சுற்ற வந்தது. கடைசிப் புரியில் நட்டை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றி, சட்டென்று இழுத்தால் கையில் ஒயில் படாது. முதலில் கட்டியாக ஒரு பாய்ச்சல், பேசினின் அந்தக் கரையில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது மெலிந்து நேராக விழுந்தது, பிறகு நூல், பிறகு சொட்டு. அந்தச் சொட்டுக்காகத்தான் இவ்வளவும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கறுப்பாக வந்ததைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கரியைக் கழுவித் தன்னோடு வைத்திருப்பது ஒயிலின் வேலை. பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுக்கும் உலோகத் தூள் வந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது. விரலில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன், இரண்டும் இல்லை. ஆனால் பெற்றோல் வாடை லேசாக இருந்தது. டவுனுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் போய் நிறுத்துகிற ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை, பெற்றோலும் ஈரமும் ஆவியாகாமல் ஒயிலிலேயே தங்கும். ஹபரணைக்கு நீட்டி ஓடுகிற காரை விட இப்படி ஓடுகிற காருக்குத்தான் ஒயில் சீக்கிரம் கெடும். 5000 கிலோமீற்றர் வராவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தது அதனால்தான்.

பில்டர் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். பழையது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய பில்டரைப் பூட்டினால் ஒயில் முழுக்க வெளியே வந்துவிடும். புதிய வளையத்தில் விரலால் ஒயில் பூசி, கையால் முட்டும்வரை சுற்றி, அதற்குப் பிறகு முக்கால் சுற்று. நட்டுக்குப் புது வாசர். மீன்பிடி போட் எஞ்சின் பார்க்கிற பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, முதல் கையால சுத்து. கை மறுத்தாத்தான் ஸ்பானரத் தொடவேணும்" என்றார். சம்ப் அலுமினியம் என்றால் இது இன்னும் முக்கியம், புரி போனால் செலவு பெரிது.

மூன்றரை லீற்றர் ஊற்றி, எஞ்சினைப் போட்டதும் டாஷ்போட்டில் ஒயில் விளக்கு ஓரிரு விநாடியில் அணைந்தது. நிறுத்தி, காரைச் சமதரையில் இறக்கி, கொஞ்சம் பொறுத்து, ஒயில் மட்டம் காட்டுகிற டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்துப் பார்த்து, அளவு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவ்வளவுதான்.

பழைய ஒயிலை என்ன செய்வது? கறையான் பிடிக்காமல் வேலிக் கட்டைக்குப் பூசுவது நம் ஊர் வழக்கம், அண்ணையும் ஒரு போத்தல் கேட்டார். நான் கொடுக்கவில்லை, கொஞ்சம் முகம் சுருங்கினார். இங்கே மணலுக்குக் கீழே கொஞ்சத்திலேயே தண்ணீர். அவருடைய கிணறும் எங்கள் கிணறும் ஒரே ஊற்று. மாரி மழை கட்டையைக் கழுவினால் அது எங்கே போகும் என்று சொன்னேன். "அப்ப சரி" என்று போய்விட்டார். பில்டரையும் கவிழ்த்து வடியவிட்டு, எல்லாவற்றையும் அதே 4 லீற்றர் கேனில் ஊற்றி, கழிவு ஒயிலைப் பரலில் சேர்த்து வைக்கிற ஒரு கராஜில் கொடுத்தேன். கேனில் ஊற்றும்போது மணலில் சிந்திய கொஞ்சத்தை மணலோடு அள்ளிப் பையில் கட்டினேன்.

அதன்பிறகு கந்தளாய் போய்வந்து நட்டையும் பில்டரையும் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. அடுத்தது ஏர் பில்டர், அதற்குக் காரைத் தூக்கவே தேவையில்லை. கியர் ஒயிலில் கை வைக்கப் போவதில்லை. ஓட்டோமெட்டிக் கியருக்குச் சூடு பார்த்து, அளவு பார்த்துச் செய்ய வேண்டும், அது கராஜ்காரருக்கே இருக்கட்டும்.