சம்பள நாளும் ஓஆர்ஏ-12154உம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் செக்ரோல் வேலை எனக்கு. ஆட்களின் வேலைக் கணக்குப் பதிவேடுதான் செக்ரோல். அவர்களின் பேரும் கொழுந்துக் கிலோவும் கொழும்பில் உள்ள ஒராக்கிள் தரவுத்தளத்துக்குப் போகும். போன மழைக்கு விண்டோஸ் கணினி ஈரம் குடித்துத் தகராறு பண்ணத் தொடங்கியதும், பெரிய கிளாக்கர் ஐயா பழைய லெப்டொப் ஒன்றைத் தூக்கித் தந்தார். "இதுல ஏத்திப் பாருங்க தம்பி. 10ஆம் திகதி சம்பளம்." அதில் இருந்தது விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ். செக்ரோல் நிரலுக்கு லினக்ஸ் பதிப்பும் இருந்தது என் அதிர்ஷ்டம்.

தரவுத்தளத்துக்கான இணைப்பு விவரம் டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா (tnsnames.ora) என்ற சின்னக் கோப்பில் இருக்கும்: சேர்வர் முகவரி, போர்ட் 1521, சர்வீஸ் பெயர். விண்டோஸில் தேடினால் இரண்டு கிடைத்தன. ஒராக்கிளோடு பேசும் கிளையன்ட் நிரலை யாரோ இரண்டு தடவை நிறுவியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நெட்வொர்க், அதற்குள் அட்மின் என்று தனித்தனி போல்டர். இணைப்பைச் சோதிக்கும் டிஎன்எஸ்பிங் கட்டளையைக் கொடுத்தால் எந்த போல்டரில் பார்க்கிறது என்று அதுவே காட்டும். அது தெரியாமல் நான் முதலில் பென்டிரைவில் கொண்டுவந்தது பழைய முகவரி இருந்த மற்றதை.

சரியானதை எடுத்துவந்து, உபுண்டுவில் இன்ஸ்டன்ட் கிளையன்ட் என்ற சின்னக் கிளையன்டைப் போட்டேன். அதில் டிஎன்எஸ்பிங் வருவதில்லை. கோப்பு எங்கே என்று நிரலுக்குச் சொல்லும் டிஎன்எஸ்_அட்மின் என்ற சூழல் மாறியில் போல்டரின் பாதையைக் கொடுத்தேன். (முதலில் கோப்பின் பேரையும் சேர்த்துக் கொடுத்துத் தொலைத்தேன், போல்டர் மட்டும்தான் வேண்டும்.) இணைத்தால் வந்தது பிழை ஓஆர்ஏ-12154. நான் சொன்ன இணைப்புப் பெயர் எதுவென்றே அதற்குத் தெரியவில்லையாம். முகவரியைப் பார்த்தேன், அடைப்புக்குறிகளை எண்ணினேன், பெயருக்கு முன்னால் இடைவெளி ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். எல்லாம் சரி. அதற்குள் கரண்டும் போய்விட்டது.

மறுநாள், ஒரு நிரல் என்னென்ன செய்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸை வைத்து, ஒராக்கிளின் எஸ்கியூஎல்பிளஸ் நிரலை ஓட்டி, அது எந்தக் கோப்பைத் திறக்கப் போகிறது என்று பார்த்தேன். சரியான போல்டருக்குத்தான் போகிறது, கோப்பு இல்லை என்று திரும்புகிறது. கண் முன்னே இருக்கிறதே! அப்புறம்தான் கவனித்தேன், விண்டோஸில் இருந்து வந்த கோப்பின் பேர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து. அங்கே பெரியதும் சிறியதும் ஒன்று, லினக்ஸுக்கு அது வேறு ஆள். பேரைச் சிறிய எழுத்தாக்கியதும் இணைந்துவிட்டது.

டெர்மினலில் மட்டும். ஐகானைத் தட்டித் திறந்தால் பழையபடி 12154. மாறியை நான் எழுதியிருந்தது டெர்மினல் திறக்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில், ஐகான் வழியாகத் திறக்கும் நிரல் அதைப் படிப்பதில்லை. உள்நுழையும்போதே படிக்கும் புரொஃபைல் கோப்புக்கு மாற்றி, வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் செக்ரோல் திறந்தது. திகதி 9.

"ஒரு எழுத்துக்கா தம்பி ரெண்டு நாள்?" என்றார் ஐயா.

"11 எழுத்துங்க ஐயா."