மூணு மாச சர்க்கரை

மே 6

மூணு மாச சர்க்கரை டெஸ்டில் (HbA1c) எனக்கு 6.2. 5.7-ஐத் தொட்டாலே பார்டர், 6.5 வந்தால் சர்க்கரை வியாதி. "மாத்திரை இப்ப வேண்டாம், ஆகஸ்ட்ல திரும்ப எடுத்துப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து இதைக் குறைத்துக் காட்ட முடியாது.

மே 7

காபியில் சர்க்கரை பாதி. யாரிடமும் சொல்லவில்லை.

மே 11

காலை வாக்கிங் எனக்கு ஒத்துவராது. ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், அப்புறம் டிபன், பஸ். அதனால் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினதும் செருப்பை மாட்டிவிட வேண்டும், யோசிக்கவே கூடாது. சித்திரை வீதியில் கால் மணி நேரம். நடக்கிற தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு அர்த்தம் வந்துவிட்டது. தாயார் சன்னதிப் பக்கம் காற்று நன்றாக இருந்தது.

மே 19

சர்க்கரை வியாதிக்காக அம்மாவின் காலை இன்று ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனார் அந்தப் பெண். குதிகாலில் தெரிந்தது. கட்டைவிரலில் தெரியவில்லை. சுண்டுவிரல் பக்கம் தொட்டபோது அம்மா பேசவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த தொடலுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். தொட்டாயிற்று என்பதே அவளுக்குத் தெரியவில்லை. எம்சிஆர் செருப்பு, மரத்துப்போன பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயும் போடணும். தினமும் ராத்திரி விரலிடுக்கு முதற்கொண்டு பார்க்கணும். இன்றிலிருந்து நான் பார்க்கிறேன்.

அவளுக்கும் ஒரு காலத்தில் பார்டர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மே 27

எடை அப்படியே.

ஜூன் 4

தட்டில் முதலில் பொரியலும் கூட்டும். அதை முடித்துவிட்டு, அப்புறம் சோறு. காயும் பருப்பும் முன்னால் போனால் சோற்றின் சர்க்கரை திடுதிப்பென்று ஏறாது. அம்மாவுக்குக் கோபம். "சோத்துக்குத்தாண்டி காய். காயைத் தின்னுட்டு வெறும் சோத்தை என்ன பண்ணுவே?" ரசம் ஊற்றிக்கொண்டேன். இவரும் பையனும் ஒன்றும் சொல்லாமல் என் தட்டையே பார்த்தார்கள். ரெண்டு பேரும் பொரியலை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார்கள்! அதுக்கே மனசு நிறைந்துபோனது.

ஜூன் 16

மேட்டூர் அணை 12-ம் தேதி திறந்தது. காவேரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து அங்கே வரை நடந்தே போனது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பாவாடை நாடா தளர்ந்திருக்கிறது.

ஜூன் 25

தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். 2006-ல் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வு. 531 பேர், எல்லாரும் பார்டரில் இருந்தவர்கள். மூன்று வருஷம் கவனித்திருக்கிறார்கள். எப்போதும்போல இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டவர்களில் 39. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ரெண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் அதற்கு மேல் பலன் இல்லை. நம் ஜனங்கள், நம் சோறு, நம் உடம்பு. அதில் மாத்திரை செய்கிற வேலையை நடையே செய்திருக்கிறது. இவரை எழுப்பிச் சொல்லலாம் என்று இருந்தது.

ஜூன் 26

ஆனாலும் 39.

ஜூலை 2

நடந்தும், அளந்து சாப்பிட்டும் அந்த 39-ல் வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஆபீஸில் நாள் முழுக்க இதுதான் ஓடியது. உட்கார்ந்தே இருக்கக் கூடாது என்று மணிக்கொரு தரம் எழுந்து மாடிப்படி ஏறி இறங்கினேன். ரெக்கார்டு ரூம் அக்கா, "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 9

மழை. குடையோடு நடந்தோம். பையனும் வந்தான்.

ஜூலை 21

போனைப் பத்து மணிக்குக் கூடத்திலேயே வைத்துவிடுகிறேன். தூக்கம் சீராகிவிட்டது. அம்மாவின் கால் சுத்தம், ஒரு கீறல் இல்லை. கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, "இப்ப?" என்று கேட்டேன். "உன் கை சூடா இருக்குமே, அது தெரியும் எனக்கு" என்றாள். தெரிந்ததா, எனக்காகச் சொன்னாளா?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. விடிந்ததிலிருந்து புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல். அவ்வளவும் சோறு. எல்லாவற்றிலும் ஒரு பிடி சாப்பிட்டேன், காவேரிக்குப் படைத்ததை வேண்டாம் என்று தள்ள மாட்டேன். கூடவே பெரிய கிண்ணம் நிறைய வெள்ளரிக்காய். மண்டபத்தில் நிற்க இடமில்லை. புது மஞ்சள் கயிறு கட்டிவிடும்போது அம்மா என் கழுத்தைத் தடவி, "இளைச்சுட்டே" என்றாள். வெயில் கொளுத்தியது. படியில் இறங்கும்போது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். "ஆத்தாகிட்ட செருப்போடயா போவாங்க?"

ஆகஸ்ட் 4

நாளைக்கு ரத்தம். ஏழு மணிக்கே போய்விட வேண்டும்.

இரவு 10.40

அம்மாவின் வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம். எட்டணா அகலம். வலிக்கவே இல்லை என்கிறாள். உடைக்கக் கூடாது, எண்ணெய் எதுவும் போடக் கூடாது. சுத்தத் துணி சுற்றியிருக்கிறேன். லேப் அப்புறம். காலையில் முதல் டோக்கன் அவளுக்கு.