சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு மாதா கோயில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், இந்தியர் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊரான சுங்கை சிப்புட்டில் பசியாறிவிட்டு, மாமாவின் மோட்டாரில் மாமா பிறந்த தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எங்கும் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருடமாகிறது. மிஞ்சியிருப்பது மாதா கோயில்தான்.

கதவில் பூட்டு இல்லை. சுரூபத்தை டவுன் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டதால் பீடம் காலி. வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. "காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணுதான் அடிப்பாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தச் சத்தம் இனிக்கும்," என்றார் மாமா.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உறுதியாக இருக்கிறது. கீழே இடுப்பளவுக்கு யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். விரலால் தட்டினேன், டொப் டொப்பென்றது. ஒரு சில்லு பெயர்ந்து விழ, பின்னாலிருந்த செங்கல் திருநீறு போலக் கையில் உதிர்ந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாகக் காய்ந்துவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுவதால் ஈரமும் உப்பும் செங்கல்லைத் தின்கின்றன. அந்தச் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும். அதற்கும் முன்னால் கூரை ஒழுக்கு, கறையான்.

சரி, சனம் இல்லாத கோயிலை வைத்து என்ன செய்வது? மலாக்காவில் 1521இல் எழுந்த செயின்ட் பால் கோயிலை, 1753இல் கிறைஸ்ட் சர்ச் கட்டி முடிந்ததும் டச்சுக்காரர்கள் கைவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் அதில் வெடிமருந்து அடுக்கினார்கள். இன்று கூரையில்லாத சுவர்கள்தான். சிங்கப்பூரில் 1904இல் கட்டி முடித்த கான்வென்ட் சிற்றாலயம், சைம்ஸ் வளாகத்தில் இப்போது கல்யாண மண்டபம். வண்ணக் கண்ணாடிகளோடு பத்திரமாக இருக்கிறது, எனக்கு அது சந்தோஷமே. ஆனால் அப்படிச் சீரமைக்கிற அளவு பணம் தோட்டத்துக்கு வராது.

இங்கே ஒருவர், சாப்பிட விற்கிற கூடுகளுக்காகக் குருவி வளர்க்க வாடகைக்குக் கேட்டாராம். சன்னலை அடைத்து உள்ளே ஈரமாகவே வைத்திருப்பார்கள், இந்தச் சுவர் தாங்காது. வழிபாடு நின்ற கோயிலை ஆயர் வேறு பயனுக்கு விடலாம், அது இழிவானதாக இருக்கக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். மாமாவுக்கு வேறு ஆசை: தாமானில், அதாவது டவுன் வீடமைப்புப் பகுதியில், குடியேறிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை டியூசன், சுவரில் பழைய தோட்டத்துப் படங்கள், வருடத்துக்கு ஒருமுறை மாதா திருநாள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தோட்ட நிர்வாகமும் மறைமாவட்டமும் சம்மதிக்க வேண்டும்.

கிளம்புமுன் உடைந்த ஓடுகளை இருவரும் எண்ணினோம். 43. மாமா தீப்பெட்டி அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.