சாந்தகுணமும் சர்வே கல்லும்

நில அளவைத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் படிக்கும்போது, மற்ற பாக்கிய வசனங்களை விட ஒன்றில் கூடுதல் நேரம் நின்றுவிடுவார். "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்கிறது மத்தேயு 5:5. சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்த இந்த வசனம், நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்துப் புன்செய்க் காடுகளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பெரிய கேள்வியாகிவிட்டது. நான் அளந்த பூமியில் சாந்தகுணமுள்ளவரின் பங்கு பெரும்பாலும் குறைந்தே இருந்தது.

வரப்பு ஒரே நாளில் நகர்வதில்லை. உழவுக்கு உழவு அரைச் சாண் வெட்டப்படும். ஒரு மழைக்காலத்தில் எல்லைக்கல் சாய்ந்து கிடக்கும். அடுத்த கோடையில் அது காணாமல் போயிருக்கும். 100 மீட்டர் நீளமுள்ள எல்லையில் வரப்பு 1 மீட்டர் உள்ளே தள்ளினால் 1 ஏர், அதாவது ஏறத்தாழ இரண்டரை செண்ட் நிலம் கை மாறிவிடும். மானாவாரியில் உளுந்து விதைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமன்று.

அதே பிரசங்கத்தில் வரும் "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள்" என்ற வசனத்துக்கு இந்த வேலையில் மிகத் தெளிவான ஒரு பொருள் உண்டென்று நான் நம்புகிறேன். அண்டைப் பட்டாதாரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, குறித்த நாளில் நிலத்துக்குப் போய் இறங்கும்போது, வசதியுள்ளவர் பைக்கில் வந்து இளநீரை நீட்டிக்கொண்டே தம் பக்கத்துக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். மற்றவர் உடைமரத்து நிழலில், கூப்பிட்டால் வரலாம் என்று ஒதுங்கி நிற்பார். அளவர் அந்தக் கதையிலிருந்து அளக்கத் தொடங்கினால், கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கோடு கதை சொன்னவர் பக்கமே சாயும். முதலில் இடம் மாறாத இரண்டு பழைய கற்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் எஃப்.எம்.பி. எனப்படும் புல அளவைப் புத்தகத்தின் படத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். அளந்து முடியும்வரை என் தண்ணீர்ப் பாட்டிலைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை, யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காருவதில்லை என்று நான் வைத்துக்கொண்ட வழக்கம், மரியாதைக் குறைவாகச் சிலருக்குத் தோன்றியதுண்டு. உடைமரத்தடியில் நின்றவருக்கு அப்படித் தோன்றியதில்லை.

அரசு அலுவலர் யாராயினும் வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா தானே போய்ப் பிடுங்கவில்லை. அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரால் நிருபங்களை எழுதி முத்திரை போட்டாள்; ஊர் மூப்பர் அதில் எழுதியிருந்தபடியே செய்தார்கள்; பொய்ச்சாட்சிகள் வந்தார்கள்; நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான்; எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த மூப்பரில் ஒருவராவது முத்திரையைப் பார்த்த பிறகும் மறுத்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அதே அதிகாரத்தில் நாபோத்து தன் பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க முடியாது என்று ராஜாவிடமே சொல்கிறான். ஆகவே சாந்தகுணம் என்பது கேட்டவருக்கெல்லாம் விட்டுக்கொடுப்பது என்று போதிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. எளியவரைப் பார்த்து "விட்டுக்கொடு, பரலோகத்தில் பலன் உண்டு" என்று சொல்வதைப் போல வலியவருக்கு வசதியான பிரசங்கம் வேறில்லை.

அப்படியானால் சாந்தகுணம் எது? அதை எனக்குக் காட்டியவர் இராதாபுரம் பக்கத்து ஒரு வயதான அம்மா. கணவர் இறந்த பிறகு பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று மனுக் கொடுத்து, பல மாதம் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தவர். படத்தின்படி கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வரிசையில் கடைசிப் பனையின் தூரையொட்டி, செம்மண்ணை முழங்கை ஆழத்துக்குத் தோண்டியபோது மண்வெட்டி கல்லில் மோதியது. கல்லின் தலையில் இருந்த வெட்டுக்குறியைத் தம் சேலைத் தலைப்பால் துடைத்து அவர் பார்த்தார். கோடு பக்கத்துக்காரரின் உளுந்துப் பயிருக்குள் நன்றாகவே விழுந்தது. காய் பிடித்து நின்ற பயிர். வேலியை அன்றே மாற்றச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. "அவன் வெதச்சத அவனே அறுத்துக்கிடட்டும் சார், வேலி பொறவு போட்டுக்கிடலாம், ஆனா கல்ல இன்னைக்கே நட்டுருங்க" என்றார். உரிமையில் ஒரு விரற்கடையும் விடாமல், பழியையும் தேடாமல் நின்ற அந்த அம்மாவின் வார்த்தையைக் கேட்ட பிறகுதான், இயேசு அந்த வசனத்தை எடுத்தாண்ட 37ஆம் சங்கீதம் "பொல்லாதவர்களைக்குறித்து எரிச்சலடையாதே" என்று ஏன் தொடங்குகிறது என்பது எனக்கு விளங்கியது.

நம் வட்டாரக் கிறிஸ்தவர்கள் இதை மற்றவர்களை விடக் கூர்மையாக உணர வேண்டும். விசுவாசத்தினிமித்தம் விரட்டப்பட்டவர்கள் குடியேறுவதற்கென்று வாங்கிய நிலத்தில் 1799இல் உருவான ஊர் முதலூர். தலை சாய்க்க இடமில்லாமல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று பட்டாவும் பத்திரமும் இருக்கின்றன. ஆலயத்தில் ஒரே திருவிருந்தில் பங்கு பெறும் அண்ணனும் தம்பியும் அளவை நாளில் ஆளுக்கொரு வரப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைக் காணும்போது எனக்குத் துக்கம் வந்துவிடுகிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற கட்டளையும் அதே 5ஆம் அதிகாரத்தில்தானே இருக்கிறது!

சமாதானம் பண்ணுவது சர்வேயர் வேலையில் எழுதப்படவில்லை. ஆயினும் கல் நட்டதும் கருவியைப் பையில் வைத்துவிட்டுக் கிளம்ப எனக்கு மனம் வருவதில்லை. எல்லைக்கோடு தெளிந்த அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் சற்றே இறங்கி வந்திருப்பார்கள். பொதுக்கிணற்றில் பம்ப்செட் முறை யாருக்கு எந்த நாள், வண்டிப்பாதை எந்த ஓரம், எல்லையில் நிற்கும் பனைகள் யாருக்கு என்பதை அப்போதே பேச வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லிவிட்டு வருகிறேன். சில தாள்கள் அடுத்த ஆண்டே கிழிந்துபோயின. சில குடும்பங்களில் அந்தத் தாளின்படியே இன்றும் தண்ணீர் பாய்கிறது.