எக்ஸ் = எக்ஸ் எச்சரிக்கையைப் பூஜ்ஜியம் போட்டு மூடாதீர்கள்

சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸில் ஒரு பழைய சி++ கோடைப் புதிய ஜிசிசி கம்பைலருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். குளிர்கிடங்குகளில் வெப்பநிலையைக் கண்காணிக்கிற கோடு. எச்சரிக்கைகளை இயக்கும் டபிள்யூ-ஆல் (-Wall) ஆப்ஷனைப் போட்டதும் எச்சரிக்கைகள் கொட்டின, அதில் பாதி "மாறி தன்னையே கொண்டு தொடங்கப்படுகிறது" ரகம், அதாவது எக்ஸ் = எக்ஸ் மாதிரி. பாலிடெக்னிக்கிலிருந்து வந்திருக்கும் இன்டர்ன் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, எல்லாத்துக்கும் ஈக்வல் டு ஜீரோ போட்டுட்டா முடிஞ்சுதே" என்றார். கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், சரிதான். ஆனால் சிங்கப்பூர் வெயிலில் 0 டிகிரி என்று காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும், குளிர்கிடங்கில் 0 டிகிரி என்றால் எவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இன்ட் எக்ஸ் = எக்ஸ்; என்று எழுதினால் வலப்பக்க எக்ஸ் எது? சி, சி++ இரண்டிலும் பெயரை எழுதி முடித்த இடத்திலேயே, சமக்குறிக்கு முன்பே, புது மாறி நடப்புக்கு வந்துவிடுகிறது. ஆக வலப்பக்கத்தில் இருப்பதும் அதே புது எக்ஸ்தான், உள்ளே ஸ்டாக் நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பை. விதி கிறுக்குத்தனம் இல்லை. பி என்று ஒரு பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) அறிவிக்கும் அதே வரியில், இடம் ஒதுக்கும் மாலாக்குக்கு அளவை சைஸ்ஆஃப் *பி என்று கொடுக்க முடிவது இதனால்தான். ரஸ்ட் மொழியில் எழுதிப் பழகியவர்கள்தான் இதில் ஏமாறுவார்கள், அங்கே லெட் எக்ஸ் = எக்ஸ் என்றால் வெளியே இருந்த பழைய எக்ஸின் மதிப்பு ஒழுங்காக உள்ளே வரும்.

எங்களுக்குக் கிடைத்ததில் மோசமானது கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) வகை. அளவுரு லிமிட், உறுப்பு லிமிட்_ (கடைசியில் ஓர் அடிக்கோடு, அவ்வளவுதான் வித்தியாசம்), தொடக்கப் பட்டியலில் லிமிட்_(லிமிட்_) என்று கை தவறி விழுந்திருந்தது. கொடுத்த எல்லை எங்கேயும் போய்ச் சேரவில்லை. கூடுதல் எச்சரிக்கைகளுக்கான டபிள்யூ-எக்ஸ்ட்ராவும் போட்டால் "லிமிட் பயன்படுத்தப்படவில்லை" என்று இன்னொரு எச்சரிக்கை வரும், இரண்டும் ஜோடியாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று சொல்லலாம். இங்கே பூஜ்ஜியம் போட்டால் எல்லை எப்போதும் 0 ஆகிவிடும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஓர் அடிக்கோட்டை அழிப்பதுதான் திருத்தம்.

இன்னொரு வகை வேண்டுமென்றே எழுதியது. ஜிசிசி "தொடங்கப்படாத மாறி" என்று நச்சரிக்கும்போது எக்ஸ் = எக்ஸ் என்று எழுதி அதை அடக்குவது அந்தக் காலத்து வித்தை. லினக்ஸ் கெர்னலிலேயே இதற்கென ஒரு மேக்ரோ (கோடுக்கு வைத்த சுருக்கப் பெயர்) இருந்தது, நிஜப் பிழைகளையும் சேர்த்து மறைக்கிறது என்று 2020-இல் 5.9 பதிப்புக்கான வேலையின்போது தூக்கிவிட்டார்கள். இந்த மாதிரி இடங்களில் நான் முதலில் அந்த வலப்பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு, அப்புறம் கம்பைலர் எந்தக் கிளையைக் காட்டுகிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு ஸ்விட்ச்சில், எந்த கேஸிலும் சேராத மதிப்புக்கான டிஃபால்ட் இருக்காது. மாறியை மதிப்பு கிடைக்கிற இடத்துக்கே கீழே இறக்கி அறிவித்தாலே பாதி தீர்ந்துவிடும்.

சி கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு: ஜிசிசியில் டபிள்யூ-ஆல் இந்த எச்சரிக்கையை சி++-க்கு மட்டும்தான் தரும், சி-க்கு டபிள்யூ-இனிட்-செல்ஃப் (-Winit-self) என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் பில்டில் இப்போது அதை எர்ரராகவே மாற்றிவிட்டோம்.