நிலத்தடி நீரை ஜிபியுவில் ஓட்டும் முன் பைட்டை எண்ணுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் என்பதோடு கேள்வி முடிவதில்லை. அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பதும் கூடவே வரும். இது கடினப் பாறை நிலம். பாறைக் கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான். அந்த நீர் எப்படி நகர்கிறது என்று கணினியின் ஜிபியுவில் (பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் கிராஃபிக்ஸ் கார்டு) ஓட்டிப் பார்க்க நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளோரைடுக்குப் போகும் முன் நீர்மட்டக் கணக்கு சரியாக வர வேண்டும். அதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தருமபுரி மாவட்டம் சுமார் 4,497 சதுர கிலோமீட்டர். 30 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் ஏறக்குறைய 50 லட்சம் கட்டம் வரும். மாவட்டத்தைச் சுற்றிச் செவ்வகம் வரைய வேண்டுமே, அதனால் 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு எண் வேண்டும்: பழைய நீர்மட்டம், புதிய நீர்மட்டம், கிழக்குப் பக்கக் கடத்துதிறன் (நிலம் நீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பது), வடக்குப் பக்கக் கடத்துதிறன், சேமிப்புக் கெழு (நீர்மட்டம் மாறும்போது நிலம் எவ்வளவு நீரை வாங்கும் அல்லது விடும் என்பது), ஊறல் (நிலத்துக்குள் இறங்கும் நீர்) கழித்தல் இறைப்பு. ஃப்ளோட் என்ற எண் வடிவத்தில் ஓர் எண் 4 பைட். மொத்தம் 240 எம்பி. 4 ஜிபி கார்டு உள்ள லேப்டாப்பிலேயே தாராளமாக உட்காரும்.

இப்போது வேகம். கூகுளின் இணையக் கணினிச் சேவையான கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டின் மெமரி நொடிக்கு 320 ஜிபி தரும். ஒரு காலப்படிக்கு (நீர்மட்டத்தை ஒரு முறை புதுப்பிக்கும் சிறு கால அளவு) 240 எம்பி நகர வேண்டும் என்றால் 0.75 மில்லிநொடி. கணக்கோ கட்டத்துக்கு 20 செயல், ஆக 20 கோடி. 8.1 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 8.1 லட்சம் கோடி செயல்) கார்டுக்கு அது 0.025 மில்லிநொடி வேலை. முப்பது மடங்கு வித்தியாசம். கூட்டல் பெருக்கலைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. மெமரிப் போக்குவரத்தைக் குறைப்பதுதான் முழு வேலையும். அறிவிக்கப்பட்ட மெமரி வேகம் முழுசாகக் கிடைக்காது, ஆகவே படிக்கு 1 மில்லிநொடி வந்தால் நல்ல கர்னல் (ஜிபியுவில் ஓடும் நிரல் துண்டு). 5 மில்லிநொடி ஆனால் எங்கோ தவறு இருக்கிறது.

பெரும்பாலும் அந்தத் தவறு ஒரே வரியில் இருக்கும். பைத்தான் நிரலை ஜிபியுவில் ஓட்ட உதவும் நம்பாவில், த்ரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் பல சிறு வேலைகளில் ஒன்று) இடத்தைச் சொல்லும் குடா-கிரிட் (cuda.grid) செயற்கூறு முதலில் தருவது எக்ஸ் எண். அடுத்தடுத்த த்ரெட்டுகளுக்கு ஒவ்வொன்றாகக் கூடுவது அதுதான். பைத்தானின் நம்பை (NumPy) அணியிலோ மெமரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை கடைசிக் குறியீட்டின் எண்கள். பழக்க தோஷத்தில் முதலில் வந்ததை ஐ என்றும் அடுத்ததை ஜே என்றும் வாங்கி, அணியிலும் அதே வரிசையில் போட்டால் ஒரு வார்ப்பின் (சேர்ந்தே ஓடும் த்ரெட் குழு) 32 த்ரெட்டும் 32 வெவ்வேறு வரிசைகளில் போய் நிற்கும். மெமரி 32 பைட் துண்டுகளாகத்தான் வரும். 4 பைட்டுக்காக 32 பைட் இழுக்கிறோம். பாலக்கோட்டில் எட்டுப் பெட்டி தக்காளி ஏற்றி வந்து, மண்டியில் ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுபோல. விடை சரியாகவே வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. ஜே, ஐ என்று மாற்றி வாங்குங்கள். பிளாக்கை (த்ரெட் தொகுதி) 32×8 வையுங்கள். கிரிட் அளவையும் (எத்தனை பிளாக் என்பது) அதே வரிசையில் மாற்றுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு படியிலும் நீர்மட்டத்தை சிபியுவுக்கு இழுத்துப் படம் வரைவது. 40 எம்பி, பிசிஐ (கார்டையும் கணினியையும் இணைக்கும் பாதை) வழியே நொடிக்கு 12 ஜிபி என்றாலும் 3.3 மில்லிநொடி. கணக்கைவிட இதற்கே அதிக நேரம். நூறு படிக்கு ஒரு முறை எடுத்தால் போதும்.

காலப்படியின் நீளத்துக்கு வரம்பு உண்டு. சேமிப்புக் கெழுவைக் கட்ட அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கடத்துதிறனின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். கெழு 0.02, கடத்துதிறன் நாளுக்கு 50 சதுர மீட்டர் என்றால் 0.09 நாள். ஓராண்டுக்கு 4,056 படி, நான்கைந்து நொடி. ஆனால் முழு வரைபடத்திலும் மிக மோசமான கட்டம்தான் இந்த வரம்பைத் தீர்மானிக்கும். ஒரே கட்டத்தில் கெழு 0.0002 என்று தவறாக ஏறியிருந்தால் படி எண்ணிக்கை நூறு மடங்காகும். அதைக் கவனிக்காமல் பழைய படியிலேயே ஓட்டினால் அந்த இடத்தில் நீர்மட்டம் சதுரங்கப் பலகைபோல் மேலும் கீழும் துள்ளி, கடைசியில் எண்ணே இல்லாமல் போகும்.

மாணவர்கள் அதிகம் விழும் குழி துல்லியம். ஃப்ளோட்டில் 256 முதல் 512 வரையான எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 0.03 மில்லிமீட்டர் (அலகு மீட்டர் என்றால்). தருமபுரி நகர உயரம் இந்த வீச்சில்தான் வருகிறது. 900 மீட்டர் ஒட்டிய ஓசூரில் இடைவெளி 0.06. கோடையில் ஒரு படிக்கு 0.01 மில்லிமீட்டர் இறங்க வேண்டிய கட்டம் இறங்கவே இறங்காது. மாற்றம் பாதி இடைவெளியைத் தாண்டாததால் பழைய எண்ணே திரும்ப எழுதப்படும். வரைபடத்தில் அது "நிலையான நீர்மட்டம்" என்று அழகாகத் தெரியும். அதை நம்பி ஆய்வேடு எழுதிவிடக் கூடாது.

டபுளுக்கு (ஓர் எண்ணுக்கு 8 பைட்) மாறுங்கள். டி4 கார்டில் டபுள் கணக்கு ஃப்ளோட்டின் 32-இல் ஒரு பங்கு வேகம்தான் என்று பயமுறுத்துவார்கள். போட்டுப் பாருங்கள்: கணக்குக்கு 0.8 மில்லிநொடி, மெமரிக்கு 1.5. இன்னும் மெமரிதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இழப்பு இரண்டு மடங்கு மட்டுமே. ஒரு நிபந்தனை, கர்னலுக்குள் வகுத்தல் இருக்கக் கூடாது. டபுள் வகுத்தல் ஒன்றே பல செயல்களைத் தின்னும். இரு கட்டங்களின் கடத்துதிறனுக்கு இசைச் சராசரி (ஹார்மோனிக் மீன்) எடுக்கும் வகுத்தலைத் தொடக்கத்திலேயே ஒரு முறை முடித்து வைக்கத்தான் கிழக்கு, வடக்கு என்று இரண்டு அணி கேட்டேன். மாவட்ட எல்லைக்கு வெளியே அவற்றில் பூஜ்யம் போட்டுவிட்டால் மாவட்ட எல்லையைச் சோதிக்க இஃப் வரியும் தேவைப்படாது.

நேரம் அளக்கும்போது சிங்க்ரனைஸ் (ஜிபியு வேலை முடியும் வரை காத்திருக்கும் கட்டளை) போட மறக்காதீர்கள். கர்னலை ஏவியதும் பைத்தான் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். அளந்தது ஏவிய நேரம், ஓடிய நேரமல்ல. முதல் ஓட்டத்தில் கம்பைல் நேரமும் சேரும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அளவுருக்களை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் ஓட்டும் நிலை வந்தால் திருச்சி என்ஐடியின் பரம் பொருள் (838 டெராஃப்ளாப்ஸ்), பெங்களூரு ஐஐஎஸ்சியின் பரம் பிரவேகா (3.3 பெட்டாஃப்ளாப்ஸ்) போன்ற சூப்பர் கணினிகளை நாடலாம். அதற்கு முன் நீர் இருப்புச் சோதனை முடிந்திருக்கட்டும்: மொத்த ஊறலில் இறைப்பையும் எல்லை வழியே வெளியேறியதையும் கழித்தால் சேமிப்பு மாற்றம் வர வேண்டும். இந்தக் கூட்டலை டபுளில் செய்யுங்கள். ஃப்ளோட்டில் அட்டாமிக் கூட்டல் (பல த்ரெட்டுகள் ஒரே எண்ணில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவது) போட்டால் த்ரெட்டுகள் வந்து சேரும் வரிசைக்கேற்ப ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி இலக்கங்கள் மாறும், பிழை எங்கே என்று தேடி இரண்டு நாள் போகும்.

லேப்டாப்பில் ஓட்டுகிறவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தை டிஸ்கில் எழுதுங்கள், கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது. நேராகப் பழைய ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள்; பாதியில் அணைந்தாலும் முந்தைய நகல் பத்திரமாக இருக்கும்.